பாரிசம் தப்பிய வாதம்

ஒரு நோய்க்கு இட்ட பெயரே அந்நோயை மறைக்குந் திரையாகி விடுதல் மருத்துவ வரலாற்றிற் புதுமையன்று. நம்மவர் பாரிசவாதமென்றும் பக்கவாதமென்றும் வழங்கும் நோய் இதற்குத் தக்க சான்றாகும். பாரிசமென்பது பக்கம். உடலின் ஒரு பக்கத்துக் கையுங் காலும் ஒருங்கே செயலிழந்து, வாய் கோணி, பேச்சுங் குழறுமாயின், அதனைப் பாரிசவாதமெனக் கல்லாதாரும் அறிவர். அவ்வாறு வீழ்பவர் வயது முதிர்ந்தவராகவே இருப்பர் என்பதும் நம் மனத்தில் வேரூன்றிய எண்ணம். ஆயின், கைகால்களின் வலிமை சிறிதுங் குன்றாமல், இருபது வயதினர் ஒருவருக்கு இந்நோய் வருமாயின் அதனை அப்பெயரால் அழைக்க எவர் முன்வருவர்? நோயாளி முன்வாரார், வீட்டார் முன்வாரார், சில வேளைகளில் வைத்தியருந் தயங்குவர். மூளைத்தண்டிலே தோன்றும் பாரிசவாதம் இவ்வாறு உருமாறி வருதல் உண்டு. அவ்வுருமாற்றத்தின் காரணத்தையும், அதனை அறியாதவிடத்து நேருங் கேட்டினையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாரிசவாதமென்பது நரம்பு நோயாகத் தோன்றினும் அடிப்படையிற் குருதிக்குழாயின் நோயே. மூளையின் ஒரு பகுதிக்குக் குருதி கொண்டு செல்லும் நாடி அடைபடும், அன்றேல் வெடிக்கும். ஒட்சிசனும் குளுக்கோசும் பெறாத மூளைக் கலங்கள் சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்கும். இந்நோயுறுவோர் 100 பேரை எடுத்துக்கொண்டால், அவருள் 10 முதல் 15 பேர் வரை 50 வயதுக்கு உட்பட்டோராவர். இளைஞருக்கு வாராத நோய் இது என்னுங் கூற்று எவ்வளவு பிழையானதென்பதை இத்தொகையே காட்டும்.

இனி மூளைத்தண்டு யாதென நோக்குவாம். பெருமூளையையும் முண்ணாணையும் இணைத்து நிற்பது அது. நீளம் ஏறத்தாழ மூன்று அங்குலம். பருமன் கட்டைவிரலினுஞ் சிறிது மிகை. மேலிருந்து கீழாக நடுமூளை, வரோலியின் பாலம், நீள்வளைய மையவிழையம் என மூன்று பகுதிகளாக அதனைப் பிரித்துக் கூறுவர். மண்டையோட்டு நரம்புகள் பன்னிரண்டு சோடியுட் பத்துச் சோடி இத்தண்டோடு தொடர்புடையன. கண்ணசைவு, முகவுணர்ச்சி, கேள்வி, உடற்சமநிலை, விழுங்கல், குரல் என்பனவெல்லாம் இங்கிருந்து ஆளப்படுகின்றன. மூச்சையும் நெஞ்சத் துடிப்பையும் ஒழுங்குபடுத்தும் மையங்களும் விழிப்பு நிலையைக் காக்கும் வலையமைப்பும் இங்கேயே உள்ளன. இவற்றுக்கிடையே, பெருமூளையினின்று உடலுக்குச் செல்லுங் கட்டளைகளும் உடலினின்று பெருமூளைக்கு ஏறும் உணர்ச்சிகளுஞ் சென்றுகொண்டிருக்கின்றன. ஆனையிறவிலே பெருஞ்சாலையும் புகையிரதப் பாதையும் ஒடுங்கிய நிலத்தில் அருகருகே செல்வதைக் கண்ட மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. அவ்விடத்தில் ஒரு முழத்துக்குச் சேதம் நேரின், தம்முட் சிறிதுந் தொடர்பில்லாத ஊர்களெல்லாம் ஒரே நாளில் வருந்தும். எவ்வூர் வருந்தும், எவ்வூர் தப்பும் என்பது சேதமுற்ற முழத்தைப் பொறுத்தது.

1895ஆம் ஆண்டிலே, டான்சிக் நகரில் வைத்தியராயிருந்த அடோல்ப் வாலன்பெர்க் என்பார், 38 வயதினர் ஒருவரின் விந்தையான நோயை விரித்தெழுதினார். அந்நோயாளிக்குச் சடுதியாகத் தலைசுற்றல் உண்டாயிற்று; விழுங்க இயலவில்லை; முகத்தில் ஒரு பக்கத்தில் உணர்ச்சி மாறுபட்டது; உடலிலோ மறு பக்கத்தில் வலியையும் வெப்பதட்பத்தையும் அறியும் ஆற்றல் குன்றிற்று. இக்குறிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த வாலன்பெர்க், மையவிழையத்தின் பக்கப் புறத்தில், மூளியின் பின்கீழ் நாடி பாயும் இடத்திலேயே பழுது இருத்தல் வேண்டுமெனத் துணிந்தார். மண்டையோட்டின் உள்ளே நோக்குதற்கு எக்கருவியும் மருத்துவர் கைக்கு வாராத காலம் அஃது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். சில ஆண்டுகளின் பின் அந்நோயாளி இறக்க, உடலை அறுத்து ஆராய்ந்து, தாம் சொன்ன இடத்திலேயே பழுது இருந்தமையை 1901இல் வெளியிட்டார். அவர் பெயரால் இன்றும் அந்நோய்க்குறித் தொகுதி வழங்குகின்றது. யூதராகப் பிறந்த ஒரே காரணத்தால் நாசி ஆட்சியிலே தம் பணியை இழந்து, 1938இல் நாடு நீங்கி, முதலில் இங்கிலாந்திலும் பின்னர் அமெரிக்காவிலும் வாழ்ந்து, 1949இல் அவர் மறைந்தார் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

வாலன்பெர்க்குக்கு முன்னரே இக்குறிகளைக் கூறினார் ஒருவர் உளர். ஜெனீவா நகரத்து வைத்தியர் கஸ்பார் வியூசோ என்பவர், 1808இல் தமக்கே இந்நோய் வர, தம்முடலையே ஏடாகக் கொண்டு உற்று நோக்கிக் குறித்து வைத்தார். அவ்வரலாற்றை அலெக்சாண்டர் மார்செற் என்னும் வைத்தியர் இலண்டனில் எடுத்துரைத்தார். தமக்கு வந்த துன்பத்தையும் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்ட அப்பெரியாரின் மனத்திண்மை வியக்கத்தக்கதே.

முகம் ஒரு பக்கம், உடல் மறு பக்கம் என உணர்ச்சி மாறிப் போதல் எவ்வாறு? கைகால்களினின்று வரும் வலியையும் வெப்பதட்பத்தையும் ஏந்தும் நரம்பு நார்கள், முண்ணாணுக்குட் புகுந்த சிறிது தூரத்திலேயே எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, அப்பக்கமாகவே மேலேறுகின்றன. முகத்தினின்று வரும் நார்களோ பாலத்திற் புகுந்து, தம் பக்கத்திலேயே மையவிழையத்தினூடு கீழிறங்கி, அதன் பின்னரே எதிர்ப்பக்கங் கடக்கின்றன. ஆகவே மையவிழையத்தின் வலப்பக்கத்தில், வலப்பக்க முகத்துக்குரிய நார்களும் இடப்பக்க உடலுக்குரிய நார்களும் அயலயலே கிடக்கின்றன. அங்கே குருதி நின்றால் வலக்கன்னமும் இடக்கையும் ஒருங்கே வருந்தும். தசைகளை இயக்கும் நார்களோ தண்டின் முற்புறத்தில், வேறு சிறு நாடிகளாற் குருதி பெறுவன. ஆதலின் அவை தப்பிவிடுகின்றன. கை வலிமை குன்றாது, கால் தளராது, பாரிசவாதம் வந்தும் பாரிசம் விழாது.

நோயாளி இதனை எங்ஙனம் உணர்வர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிணற்றடியிலே நீரள்ளி வார்க்கும்போது உடலின் ஒரு பாதிக்கு மட்டுமே குளிர் தெரியும். மறு பாதிக்கு நீர் பட்டமை தெரியும், குளிர் தெரியாது. தொடுகையுணர்ச்சி வேறு வழியாகச் செல்வதே இதற்குக் காரணம். பழுதுற்ற பக்கத்து இமை சிறிது தாழும், கண்மணி சுருங்கும், அப்பக்க முகம் வியர்வாது. குரல் கரகரக்கும். உமிழ்நீரும் விழுங்க இயலாமற் புரையேறும். யாரோ ஒரு பக்கமாகத் தள்ளுவதுபோல உடல் சாயும். சிலருக்கு அறை முழுவதும் பக்கவாட்டிற் சரிந்ததாகவோ தலைகீழாகக் கவிழ்ந்ததாகவோ சிறிது நேரந் தோன்றுவதுமுண்டு. மணிக்கணக்காக, ஏன், நாட்கணக்காகவும் விக்கல் நில்லாதிருத்தல் இன்னொரு குறி. விக்கலென்றால் நாம் சிரிப்போம். ஒரு மிடறு தண்ணீர் கொடுப்போம். தலைசுற்றலோடும் விழுங்கற் கேட்டோடும் வரும் விக்கல் சிரித்தற்குரியதன்று.

இத்தனை குறிகளையும் ஓர் இளைஞர் ஒருமிக்கச் சொன்னால் கேட்போர் என்ன எண்ணுவர்? கன்னம் வலப்பக்கம் மரத்தது, கை இடப்பக்கம் மரத்தது, வீடு சாய்கின்றது, விக்கல் நிற்கவில்லை என்று கூறுபவரைப் பொய் புனைகின்றவரென்றோ, பரீட்சைப் பயம் பிடித்தவரென்றோ, நரம்புத் தளர்ச்சியுற்றவரென்றோ எண்ணுதல் மிக எளிது. முறைமையற்றனவாகத் தோன்றும் அவ்வுரைகள் உண்மையில் மிக்க முறைமையுடையன. ஒருவர் தம் கற்பனையினாற் படைக்க விரும்பினும், மையவிழையத்தின் அமைப்பைக் கல்லாதவிடத்து இவ்வளவு பிழையறப் படைத்தல் அரிது. பக்கம் மாறி நிற்றலே நோயின் கையொப்பம்.

இளைஞருக்கு இது வருதற்குரிய காரணங்கள் பல. நெஞ்சத்தின் வாதக் காய்ச்சற் பழுது, பிறவியிலேயே மூடாதிருந்த நெஞ்சறைத் துவாரம், குருதி எளிதில் உறையும் இயல்பு, புகைத்தல் எனச் சில. இவற்றை விரிப்பிற் பெருகும். சிறப்பாகக் கூறவேண்டியது கழுத்து நாடியின் கிழிவு. மூளைத்தண்டுக்குக் குருதி தருவன முள்ளென்பு நாடிகள் இரண்டு. அவை கழுத்து முள்ளென்புகளின் பக்கத் துவாரங்களினூடே ஏறி, முதலாம் முள்ளென்பை வளைந்து சுற்றி, மண்டையோட்டினுட் புகுந்து, ஒன்றாகக் கூடி அடிநாடியெனப் பெயர் பெறுகின்றன. என்பின் துவாரங்களிற் கட்டுண்டும், மேலே வளைந்தும் நிற்கும் நாடி, கழுத்துச் சடுதியாகத் திருகும்போது இழுபடுதல் இயல்பே. அதன் உட்சுவரில் ஒரு சிறு கிழிவு உண்டானால், குருதி சுவரினிடையே புகுந்து வழியை ஒடுக்கும். அங்கே உறைந்த குருதி பெயர்ந்து மேலே சென்று அடைக்கவுங் கூடும். நாடித் தடிப்பு ஏறாத இளவயதினருக்கு வரும் பாரிசவாதத்தில் இக்கிழிவு முதன்மையான காரணங்களுள் ஒன்று. வாகன விபத்து, விளையாட்டு, பாரந் தூக்கல், கடும் இருமல் என்பன அதற்கு ஏதுவாகலாம். ஏது ஒன்றும் புலப்படாமலும் வரலாம். பிடரியிலும் கழுத்தின் ஒரு பக்கத்திலும், முன்னொரு போதும் அறியாத நோவு சில மணிநேரமோ பல நாட்களோ முன்னதாகத் தோன்றுதல் பெரும்பான்மை.

1993இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலே வைன்ரோப் என்னும் நரம்பியல் வைத்தியர், அழகுநிலையத்திற் கழுத்தைப் பின்னே வளைத்துத் தலை கழுவிய பின் இத்தகைய நோயுற்ற பெண்கள் ஐவரைப் பற்றி எழுதினார். அவர்கள் இளைஞரல்லர், எனினும் செய்தி கவனிக்கத்தக்கது. நம் பகுதிகளிற் சலூன்களிலே முடி வெட்டியபின் தலையை இரு கையாலும் பற்றி இருமருங்குஞ் சடாரெனத் திருகி நெட்டி முறிக்கும் வழக்கம் உண்டு. அதனாற் பெரும்பாலோர்க்கு ஒரு தீங்கும் நேர்வதில்லை என்பது மெய்யே. ஆயினும், பெறும் இன்பமோ ஒரு கணப்பொழுது. நேரக்கூடிய தீங்கோ வாழ்நாள் முழுவதற்கும். அச்சேவையை மறுத்து எழுந்து வருதலே அறிவுடைமையென யாம் கருதுகின்றோம்.

தலைசுற்றல் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். தலைசுற்றி வாந்தியெடுப்போருட் பெரும்பாலோர் உட்செவி நோயினரே. அவருட் கலந்து வரும் மூளைத்தண்டு நோயாளியைப் பிரித்தறிதலே வைத்தியரின் சோதனை. இதற்கு 2009இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட முறை எளிமையால் வியப்பூட்டுவது. நோயாளி ஒரு பொருளை உற்று நோக்கியிருக்க, வைத்தியர் அவர் தலையைச் சடுதியாகச் சிறிது திருப்புவர். உட்செவி நோயாயின் கண்கள் தலையோடு சென்று, பின்னர் பொருளை நோக்கித் திரும்பிப் பாயும். தொடர்ந்து தலைசுற்றிக்கொண்டிருக்கும் ஒருவரிடத்திற் கண்கள் சிறிதும் வழுவாமற் பொருளிலேயே நிற்குமாயின், பழுது செவியிலன்று, மூளையிலே என ஐயுறல் வேண்டும். சோதனையிற் குறையொன்றுங் காணாமையே அபாயக் குறியாதல் மருத்துவத்தில் அரிது. இதனோடு கண்ணின் துடிப்பு பார்க்குந் திசைக்கேற்ப மாறுதலையும், ஒரு கண் மற்றையதினும் மேலேறி நிற்றலையும் நோக்குவர். அவ்வாய்வில் 101 பேர் சோதிக்கப்பட்டனர். காந்தப் படம் முதல் இரண்டு நாளுக்குள் நூற்றுக்கு 12 வீதமானோரிடத்து நோயைக் காட்டத் தவறிற்று. தேர்ந்த வைத்தியரின் கண்ணோ தவறவில்லை. கழுத்தைத் திருப்பும் இச்சோதனை தேர்ந்தோர் கைக்கே உரியது. வீட்டில் எவருஞ் செய்து பார்த்தல் ஆகாது.

மையவிழையத்தை விட்டு மேலேறினால் வேறு விந்தைகள் உள. பாலத்துக்குக் குருதி குன்றும்போது ஒரு காரணமுமின்றி அடக்கவொண்ணாச் சிரிப்பு எழுதலுண்டு. உள்ளத்தில் மகிழ்ச்சியில்லை, முகமும் மூச்சுமே சிரிக்கின்றன. சிரித்து ஓய்ந்த சிறிது நேரத்தில் நோயாளி வீழ்வர். பிரான்சிய வைத்தியர் சார்ல் பெரே 1903இல் இம்முன்னறிகுறியை எடுத்தெழுதினார். இரு செவியும் சடுதியாகக் கேளாது போதலும் அடிநாடி அடைப்பின் முன்னறிகுறியாக வருதலுண்டு. நடுமூளையிற் பழுது நேர்ந்தாற் சிலருக்கு மாலைப்பொழுதில் விலங்குகளும் மனிதரும் வண்ணந் தீட்டினாற்போலக் கண்முன் தோன்றுவர்; அவை மெய்யல்லவெனப் பெரும்பாலும் நோயாளியே அறிந்திருப்பர். 1922இல் சான் லெர்மிற் என்பார் மூதாட்டி ஒருவரிடத்து இதனைக் கண்டு விளக்கினார். மையவிழையத்தின் மூச்சு மையம் பழுதுறின், விழித்திருக்கும்போது நினைந்து மூச்சுவிடும் ஒருவர் உறங்கியதும் மூச்சை மறந்துவிடுதலும் கூடும்.

இவை யாவற்றினும் கொடியது பாலத்தின் முற்பகுதி முழுவதும் அழிதலாகும். அப்போது கை, கால், நா, முகம் என யாவும் அசைவற்றுப் போகும். ஆயின் விழிப்பு நிலையைக் காக்கும் வலையமைப்பு பிற்பகுதியிலிருத்தலால் அறிவு சிறிதும் மங்காது, செவி கேட்கும், கண் காணும். கண்ணைப் பக்கவாட்டில் அசைக்கும் மையம் பாலத்திலுள்ளமையால் அவ்வசைவு போகும். மேலுங் கீழும் அசைக்கும் மையம் நடுமூளையிலுள்ளமையால் அது மட்டும் எஞ்சும். 1966இல் பிளம், போஸ்னர் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் இதற்கு, உள்ளே பூட்டப்பட்ட நிலை எனப் பொருள்படும் பெயரை இட்டனர். அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே அலெக்சாந்தர் தூமா தம் மொந்தே கிறிஸ்தோ பிரபு என்னும் நாவலில், கண்ணசைவால் மட்டும் பேசும் முதியவர் ஒருவரைப் படைத்துவிட்டார். புலவர் கண்ட பின்னரே வைத்தியர் பெயரிட்டனர் போலும்.

பாரிஸ் நகரத்துப் பத்திரிகை ஆசிரியர் சான் தொமினிக் போபி 1995ஆம் ஆண்டு திசெம்பர் 8ஆம் நாள், தம் 43ஆம் வயதில் இவ்வாறு வீழ்ந்தார். இடக்கண் இமையொன்றே அவர்க்கு எஞ்சிய கருவி. உதவியாளர் பிரான்சிய எழுத்துக்களைப் பயிற்சி மிகுதிக்கேற்ப வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகச் சொல்ல, வேண்டிய எழுத்து வந்ததும் அவர் இமைப்பார். இவ்வாறு ஒரு நூல் முழுவதையும் எழுதுவித்தார். அது 1997 மார்ச்சு மாதம் வெளிவந்த இரண்டாம் நாள் அவர் மறைந்தார்.

போபியை அறிந்தவர் பலர். யூலியா தவலாரோவை அறிந்தவர் சிலரே. நியூயோர்க்கைச் சேர்ந்த அவ்விளம்பெண், முப்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில், 1966இல் நோயுற்று, ஆறு ஆண்டுகள் உணர்வற்றவரெனவே கருதப்பட்டார். தம்மைப் பற்றித் தம் முன்னிலையிற் பேசியவற்றையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே கிடந்தார். சொன்ன வேடிக்கையொன்றுக்கு அவர் சிரிக்க முயன்றதை உறவினர் ஒருவர் கவனித்த பின்னரே, பேச்சுப் பயிற்சியாளர் அவரது கண்ணசைவிலே விடை இருப்பதைக் கண்டறிந்தார். மேலே நோக்கினால் ஆம் என்பது. பின்னாளில் அவர் கவிதையும் எழுதினார். இஃது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2002இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, இந்நிலையிலுள்ளோர் அறிவுடனிருப்பதைக் கண்டுகொள்ளச் சராசரி இரண்டரை மாதம் சென்றது. முதலிற் கண்டுகொண்டோருட் பாதிக்கு மேற்பட்டோர் வைத்தியரல்லர், குடும்பத்தவர். கண்ணை மேலே உயர்த்துக என ஒருமுறை சொல்லிப் பார்த்தல் எத்துணைச் சிறிய செயல்!

நம் நாட்டிலே இதனையொத்த தோற்றம் வேறொரு வழியாலும் வரும். நிலத்திற் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் தீண்டினால் வலியே இல்லாதிருக்கலாம். விடியலில் இமை தாழ்ந்து, விழுங்க இயலாது, ஈற்றில் உடல் முழுவதும் அசைவற்றுப் போகும். அறிவோ உள்ளே விழித்திருக்கும். பொறியினால் மூச்சைக் காத்துக் கொடுத்தால் அவர் எழுந்து வருவர். ஆதலின் இளைஞர் ஒருவரின் தாழ்ந்த இமை நம் வைத்தியருக்கு இருவகை ஐயத்தையுந் தருதல் வேண்டும்.

பொதுமக்களுக்கு இந்நோயை உணர்த்தும் விளம்பரங்கள் முகம், கை, பேச்சு என்னும் மூன்றையே நெடுங்காலம் சுட்டிவந்தன. மூளைத்தண்டு நோய் அம்மூன்றுக்கும் அகப்படாமல் நழுவுதலின், சமநிலையும் கண்பார்வையும் அண்மைக்காலத்திற் சேர்க்கப்பட்டன. சடுதியாக வந்த தலைசுற்றலோடு இரட்டைப் பார்வை, விழுங்கற்கேடு, குரல் மாற்றம், பக்கம் மாறிய மரத்தல், புதுவகைக் கழுத்து நோவு என்பவற்றுள் ஒன்று கூடினும், வயதை நோக்காது, உடனே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். குருதியுறைவைக் கரைக்கும் மருந்து நோய் தொடங்கி நாலரை மணிநேரத்துள்ளேயே பெரும்பாலும் இடப்படும். அடிநாடி அடைபட்டோருக்குக் கம்பியை நாடியினூடு செலுத்தி உறைவை வாங்கும் சிகிச்சை, தெரிந்தெடுத்த நோயாளரிடத்தில் 24 மணிநேரம் வரையிலும் பயன் தருமென்பதை சீன நாட்டில் நிகழ்ந்து 2022இல் வெளியான இரு பெரும் ஆய்வுகள் நிறுவின. வழியில், விழுங்கற் சோதனை முடியுமுன் சோடாவோ கஞ்சியோ பருக்குதல் ஆகாது. அது நுரையீரலுட் புகும்.

வாலன்பெர்க்கின் நோயுற்றோருட் பலர் மீண்டும் நடக்கின்றனர், பேசுகின்றனர், தொழிலுக்குந் திரும்புகின்றனர். இளையவராயின் நம்பிக்கை மேலும் மிகுதி. ஆயினும் வெப்பதட்ப உணர்ச்சி பலருக்கு முற்றாக மீள்வதில்லை. அவ்வாறானோர் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைப் பற்றும்போதும், குளிப்பதற்கு வெந்நீர் விளாவும்போதும், உணர்ச்சி குன்றாத கையையே முதலில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.